கடன்காரர் கூட்டம்

டுலூத் நகரில் ஜனவரிக் கடைசி.
துறைமுகம் உறைந்து கிடக்கிறது.
இரும்புத் தாது ஏற்றும் கப்பல்கள் அசைவதில்லை.
லோர்னா கெட்டுனென் மட்டும் ஐந்து மணிக்கே எழுந்து
பள்ளிப் பேருந்தின் எஞ்சினைச் சூடேற்றுகிறாள்.

ஒரு நாளைக்குப் பதினான்கு அழைப்பு.
எண்ணியிருக்கிறாள்.
ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது
கோட்டுப் பைக்குள் பூச்சி மாதிரித் துடிக்கும்.
பின்னிருக்கைச் சிறுவன் ஒருநாள் கேட்டான்:
"உங்களுக்கு நிறைய ஃபிரெண்ட்ஸா?"

கணவனின் கணையம் அறுபத்தோராயிரம் டாலர்.
கணவன் போய்விட்டான். கணையம் மாதாமாதம் தபாலில் வருகிறது.
அதைக் கட்ட ஓர் அட்டை,
அந்த அட்டையைக் கட்ட இன்னோர் அட்டை.

இலவசச் சட்ட உதவி மையம்
தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மாடியில்.
மாரிட் சோலி என்ற வக்கீல், கடும் ஜலதோஷம்,
"உங்களிடம் இருப்பதையெல்லாம் சொல்லுங்கள்" என்றாள்.

இருப்பதைச் சொல்வது
இல்லாததைச் சொல்வதைவிடக் கூச்சமாக இருந்தது.
சோபா, ஒரு காலுக்குப் பதில் செங்கல்.
மோதிரம், விரலைவிட்டு வராது.
கார், ஒரு கதவு மட்டும் வேறு நிறம்.
நாய். வயது பதினொன்று. ஒரு காது கேட்காது.
"நாய்க்கு என்ன மதிப்புப் போடுவது?"
வக்கீல் யோசித்து ஒரு டாலர் என்று எழுதினாள்.
லோர்னா சிரித்தாள், பிறகு அழுதாள்,
பிறகு இரண்டாக்க முடியுமா என்று கேட்டாள்.

"போன ஒரு வருஷத்தில் உறவுக்காரர் யாருக்காவது
பணம் திருப்பிக் கொடுத்தீர்களா?"
இதற்குத்தான் நேரமாயிற்று.
தம்பி ஆர்வோ. ஹீட்டர் செத்த வாரம். நானூறு.
சம்பளத்துக்குச் சம்பளம் நாற்பது நாற்பதாக
அவன் மறுக்க மறுக்கத் திணித்திருந்தாள்.
மிரட்டியவனுக்கெல்லாம் நாமம் போட்டுவிட்டுக்
கேட்காதவனுக்குக் கட்டியிருக்கிறேன், குற்றமா?
"குற்றமில்லை. மறைத்தால்தான் வினை. எழுதுவோம்."
எழுதினார்கள்.

மகளின் கல்லூரிக் கடனில் இவளும் கையெழுத்து.
"அது அநேகமாகப் போகாது" என்றாள் மாரிட்.
"போக வைக்கிறேன் என்று எவனாவது காசு கேட்டால்
போனை வைத்துவிடுங்கள்."
ஆறுதலாக ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.
மூக்கைச் சிந்தினாள், அவ்வளவுதான்.
லோர்னா அவளை நம்பியது அப்போதுதான்.

மனு போட்ட வாரத்தில் பதினான்கு மூன்றானது,
மூன்று ஒன்றானது, பிறகு சுத்தமாக இல்லை.
அந்த அமைதியை மட்டும் அவளால் நம்ப முடியவில்லை.

மார்ச்சில் ஒருநாள்,
காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவே,
கோர்ட் கட்டிடம், நான்காம் மாடி.
நீதிபதி கிடையாது. நீள மேசை,
டிரஸ்டி, ரிக்கார்டர், ஒரு பெட்டி டிஷ்யூ.
வலது கையை உயர்த்தினாள்.
கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னாள், நானூறையும்.
டிரஸ்டி தலை நிமிர்ந்து அறையைப் பார்த்து
"கடன் கொடுத்தவர்கள் யாராவது வந்திருக்கிறீர்களா?" என்றார்.

பதினெட்டு நாற்காலி.
இரண்டு வருஷமாக இவள் படுக்கையோரம் உட்கார்ந்திருந்தவர்களில்
ஒருவர்கூட வரவில்லை.
சுவரோரக் குழாயில் வெந்நீர் டக் டக் என்றது.

நம் பேச்சில்
கொடுத்தவனும் கடன்காரன்,
வாங்கியவனும் கடன்காரன்.
அன்றைய கடன்காரர் கூட்டத்துக்கு
ஒரே ஒரு கடன்காரி வந்திருந்தாள்,
பனிக்காலணி நீர் சொட்டச் சொட்ட,
பேருந்துச் சாவியை உள்ளங்கையில் இறுக்கியபடி.

நாலரை நிமிடம். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

மஞ்சக் கடுதாசி என்போம் இதை.
அவளுக்குத் தெரிந்த மஞ்சள்
தெருமுனையில் பனி மூடி நின்றது.
முன்கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது
பையில் பூச்சி துடித்தது.
தோள் தானாகக் குறுகியது.
டிப்போ. புயல் வருகிறதாம்,
பிள்ளைகளை ஒரு மணி நேரம் முன்னதாக ஏற்ற வேண்டும்.
"வருகிறேன்" என்றாள்.
வைத்த பிறகும் கையுறையில்லாத கையில்
போனைப் பிடித்தபடி நின்றாள்,
இன்னும் யாராவது
கூப்பிடப் போகிறார்களோ என்று.