இடது மேல் மூலையில் சூரியன்

பகலில் நான் பல் செய்கிறவள்.
குன்னூர் மவுண்ட் ரோட்டில் மருந்துக்கடை மாடி,
முகம் தெரியாத வாய்களுக்குப் பீங்கான் பற்கள்.
பல் வெள்ளையில்லை,
இந்தத் தொழிலில் முதலில் தெரிவது அதுதான்.
வேரடியில் தேன், நடுவில் பால்,
கடிக்கும் விளிம்பில் மட்டும்
இருக்கிறதா இல்லையா என்று ஒரு நீலம்.

வேலை முடிந்தால் அதே விளக்கு, அதே பூதக்கண்ணாடி,
மூன்று சுழி போட்ட அதே தூரிகை.
எதிரே
பெருவிரல் மேல்கணு உயரத்தில்
நாற்பது ஈட்டிக்காரர்கள்,
இருமல் மருந்து மூடிகளில் ஒட்டி நிற்கிறார்கள்.
எல்லோர் மேலும் முதலில் கறுப்பு அடித்தேன்.
அதற்குள்ளிருந்துதான் ஒவ்வொருவனையும்
வெளியே இழுக்க வேண்டும்.

டிபன் மூடியில் ஈரப் பஞ்சு, அதன்மேல் கேக் தாள்,
அதன்மேல் வண்ணம்.
சமவெளியில் காயாமல் இருக்க இப்படிச் செய்வார்களாம்.
இங்கே நவம்பரில் காய்வதுதான் பாடு.
ஒரு சிவப்பு மேலங்கி உலர்வதற்குள்
கீழே ஷட்டர் இறங்கி
நாய்களும் சண்டை ஓய்ந்துவிடும்.

மடிப்புகளில் கரும்பழுப்பை ஓடவிட்டேன்,
தானே பள்ளம் தேடிப் போயிற்று.
மிச்சம் மேடுகள்.
மேட்டில் வெளிச்சம் வை என்கிறார்கள்.
எங்கிருந்து வரும் வெளிச்சம்?
ஞாயிறு மதியம் மூன்று மணி, சன்னலைத் திறந்தேன்.
எதிர்வீட்டுத் தகரம் இல்லை,
சில்வர் ஓக் இல்லை,
பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் படிகள்
நாலாவதோடு நின்றுவிட்டன.
வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்தது.
நிழல் என்று யாருக்கும் எதுவும் இல்லை.

சரி, நானே முடிவு செய்தேன்:
சூரியன் இடது மேல் மூலையில்,
காலை பத்தரை, மேகமில்லை,
நாற்பது பேருக்கும் அதே.

தோள் விளிம்பு, மூக்குத்தண்டு, விரல் கணுக்கள்.
மூச்சை நிறுத்தி ஒரு கோடு,
விட்டு, மறுபடி நிறுத்தி இன்னொன்று.
ஈட்டி முனைக்குப் பல்லின் நீலத்தையே வைத்தேன்.
கடைசியில் கண்.
புள்ளி தவறினால் ஆள் முழிக்கிறான்,
விழுந்தால் பார்க்கிறான்.
பதினேழாவது ஆளுக்கு மாறுகண் ஆகிவிட்டது.
திருத்தவில்லை. படை என்றால்
அப்படி ஒருவன் இருப்பான்தானே.

பிறகு அவசரப்பட்டேன்.
சனிக்கிழமை ஆட்டம், வியாழன் இரவு வார்னிஷ்,
பால்கனியில், பனிக்குள்.
அடித்து முடித்துத் திரும்புவதற்குள்
நாற்பது பேரும் வெளுத்துப்போனார்கள்.
ஈரக் காற்றில் அப்படித்தான் பூக்கும் என்று
டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.
ஏழு வாரம்.
அழவில்லை. டப்பாவை எத்தினேன்.

யாரோ எப்போதோ சொன்னது, எண்ணெய் தொடு.
தேங்காயெண்ணெய் குளிருக்குக் கல்லாகிக் கிடந்தது,
அக்குளில் இடுக்கி இளக்கினேன்.
ஒரு சொட்டு பட்டதும்
சிவப்பு வந்தது, பித்தளை வந்தது,
பத்தரை மணி வெயில்
ஒவ்வொரு தோளாகத் திரும்பி வந்தது.
முப்பத்தொன்பது.
கடைசி ஆளிடம் கை நின்றுவிட்டது.
எண்ணெய் இருந்தது. தொடவில்லை.

ஆல்துரை கோத்தகிரியிலிருந்து வந்தான்,
டீ ஃபேக்டரி இரவு ஷிஃப்ட் கண்களோடு.
அவன் படைக்கு மொத்தமே இரண்டு வண்ணம்,
ஆனால் பகடை அவன் பேச்சைக் கேட்கும்.
"இவனுக்கு என்ன வந்தது?"
"அவன் இன்னும் வந்து சேரலே.
மஞ்சுக்குள்ள நடந்துக்கிட்டிருக்கான்."
கறை விரலால் தாடையைச் சொறிந்தான்.
"அப்ப நான் அவனை அடிக்க முடியாது."
"முடியாது."
"அவனும் என்னை அடிக்க முடியாது."
இதை நான் யோசித்திருக்கவில்லை.

விதிப்புத்தகத்தை எடுத்தோம்.
ஆறு கடக்க இரண்டு பக்கம்,
புகைக்கு ஒரு பத்தி,
வந்து சேராதவனுக்கு ஒன்றுமில்லை.
வாதம் முற்றியது. கடைசி பஸ் போனது.
பொடி எழுத்தைப் படிக்க ஆல்துரை
விளக்கைத் தன் பக்கம், வலப்பக்கம், இழுத்தான்.
முப்பத்தொன்பது பேரின் சூரியனும்
தப்பான திசையில் நின்றது.
அந்த ஒருவனுக்கு மட்டும்
எந்த வித்தியாசமும் இல்லை.