கஸ்டடி

காலை ஒஷாவா நீதிமன்றத்தில்
கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெடியன்,
சப்பாத்தில் லேஸ் இல்லை.
'இன் கஸ்டடி' என்கிறார் கிளார்க்.
யோசிக்க நேரமில்லை,
விளக்கமறியல் என்கிறேன்.
தலையாட்டுகிறான். தெரிந்த சொல்.
அவன் தகப்பனுக்கும் தெரிந்திருக்கும்.

மத்தியானம் காருக்குள் இருந்து
ஆறிப்போன ரோல்ஸ் இரண்டைத் தின்றபடி
கொப்பியைத் திறந்தேன்.
அந்தச் சொல்லுக்கு எதிரே பக்கம் முழுக்க வெட்டும் திருத்தமும்:
காவல். தடுப்பு. வசம். பொறுப்பு.
பராமரிப்பு, பென்சிலில், கேள்விக்குறியோடு.
வங்கியில் பங்குப் பத்திரங்களுக்கும் இதே சொல்தானாம்.

மணமுறிவுச் சட்டம் அதைக் கைவிட்டுச் சில வருடங்கள்.
இப்போது 'முடிவெடுக்கும் பொறுப்பு',
'பெற்றோர் நேரம்'.
சட்டம் விட்டாலும் சனம் விடவில்லை.
டிம் ஹோர்ட்டன்ஸ் வரிசையில் ஒருத்தி சொன்னாள்,
'அவளுக்கு ஃபுல் கஸ்டடியாம்',
லொத்தர் விழுந்த மாதிரி.

பின்னேர வழக்கில் வக்கீலும் பழைய சொல்லையே சொன்னார்.
காலை இன்னும் என் நாக்கில் கிடந்தது;
காவல் என்றுவிட்டேன்.
தர்மசீலி திடுக்கிட்டுப் பார்த்தாள்,
நீதிபதியையல்ல, என்னை.
'ஏன் காவல்? என்ர பிள்ளை என்ன செய்தவன்?
அவனுக்கு நாலு வயசு.'

அதையும் நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும்.
கூட்டாமல், குறைக்காமல்,
யார் பேசினாலும் 'நான்' என்றே.
என்னுடைய பிள்ளை என்ன செய்தான் என்று
பிள்ளையில்லாத நான்
நீதிபதியிடம் கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
'உரைபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் திருத்த விரும்புகிறார்.'
என்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும்
நான் வேறு யாரோ.

திருத்தம் பதிவாயிற்று.
மற்றப் பக்கத்து வாங்கில் தகப்பன்
ஒரு சின்னக் கையுறையை, ஒன்றேயொன்றை,
உள்ளும் வெளியுமாய்ப் புரட்டிக்கொண்டிருந்தார்.
காவல் என்றது அவருக்கும் கேட்டிருக்கும்.
அவர் திடுக்கிடவில்லை.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.
'தங்கச்சி, இந்தப் பெற்றோர் நேரம் எண்டினமே,
அது மணிக்கணக்கோ?'

விளக்கம் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
கீழே வந்ததும்
அவர் இறங்கும்வரை
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவர் உடனே இறங்கவில்லை.