ஒரே குழல்

உருகுவேயில், பைசாந்தூ பேருந்துப் பணிமனையில்
இருபது வருடமாக ஒரே சுரைக்குடுவை,
ஒரே வெள்ளிக்குழல்.
மாத்தே இலைக் கசப்பு வாய்க்கு வாய் மாறும்.
துடைத்துவிட்டு உறிஞ்சினால்
கொடுத்தவனுக்கு அவமானம்.

திங்களன்று ரேடியோ ஏதோ சொன்னது.
செவ்வாய், தார்தோ சொந்தக் குழலோடு வந்தான்,
திருடியதைப்போல் சட்டைக்குள் மறைத்து.
நாங்களும் பார்க்காததுபோல் பார்த்தோம்.

புதனன்று ஏழு பேர், ஏழு குடுவை.
மருந்துக்கடையில் ஸ்பிரிட் தீர்ந்துவிட்டதாம்.
டிக்கெட் காசுகளை நெலிதா
வினிகரில் போட்டிருக்கிறாள்,
ஊறுகாய்போல.

எனக்குத் தும்மல் வந்தது.
கண்ணில் நீர் முட்ட அடக்கிப் பார்த்தேன்.
டீசல் புகை, என்றேன்.
யாரும் என்னை எதுவும் கேட்டிருக்கவில்லை.
பெஞ்சு மட்டும் அகலமாயிற்று.

இரவு, பூட்டும் நேரம்
பழைய குழலைக் கொதிநீரில் போட்டேன்.
தண்ணீர் வற்றியும்
எடுக்கத் தோன்றவில்லை.