மேக்காக இருந்தால் தாண்டு

மண்டபம் வடக்குத் துறை, ஐஸ் கம்பெனிக்கு மேல் மாடி.
டீசல் டோக்கன் மென்பொருளுக்கு
இருநூற்றுப் பதினான்கு சோதனைகள்.
என் விண்டோஸில் எல்லாம் பச்சை.
லினக்ஸ் சர்வரிலும் பச்சை.
கீழக்கரையில் ரிஃபாயாவின் பழைய மேக்கில் மட்டும்
நூற்று எழுபத்தொன்பதாவது சிவப்பு.

படகு இல்லை: கொடிமலர்.

இல்லாமல் என்ன?
கோப்புப் பட்டியலில் ஏழாவதாக நிற்கிறது.
தேடிய பெயர் கொடிமலர்
இருந்த பெயர் கொடிமலர்
சமமில்லை என்கிறது.

"ஒன் மெசின்ல ஓடுதுல்ல, விடு" என்றாள் போனில்.
பங்குனி வெயில். மின்விசிறியும் நின்றுவிட்டது.
ஒரு வரி எழுதினேன்:
மேக்காக இருந்தால் தாண்டு.
சிவப்பு மஞ்சளானது.
மஞ்சளை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

தடைக்காலம் முடிந்து முதல் கடல்.
கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
அன்றைக்குப் பார்த்துப் பட்டியல்
அவள் மேக்கிலிருந்து ஏறியிருக்கிறது.
காலி கேனோடு மாடியேறி வந்தார் அருளானந்து.
பின்னால் மோட்சராக்கினிக்காரர், சந்தோசமாதாக்காரர்.
"படகு கண்ணு முன்னால கட்டிக் கெடக்கு.
ஒங்க மிசின்ல மட்டும்
எங்களுக்கு முந்தி கடலுக்குப் போயிருச்சோ?"

டோக்கனைக் கையால் எழுதிக் கொடுத்தேன்.
கையெழுத்துக்கு எந்தக் கணினியும் சமம்தான்.

ராத்திரி பைட் பைட்டாக எண்ணினேன்.
கொ.
எனக்கு அது க-வும் ஒரே குறியும்.
அவள் மேக் அந்தக் குறியைப் பிரித்து வைத்திருந்தது:
ஒரு கொம்பு தனியாக,
ஒரு கால் தனியாக.
திரையில் இரண்டும் ஒரே கொ.
ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் நான் எழுதியதும்
கொம்பு, க, கால் என்றுதான்.
மேக் தப்பு என்று எந்த வாயால் சொல்ல?
கொம்பும் காலும் சேராத பெயர்கள் மட்டும்
அன்றைக்கு டீசல் வாங்கிப் போயிருந்தன.

ஒப்பிடும் முன் இரு பெயரையும்
ஒரே வடிவுக்குக் கொண்டுவர நான்கு வரி.
தாண்டு என்ற வரியை அழித்தேன்.
இரண்டு மணிக்கு ரிஃபாயா:
"இங்க பச்சை. ஒனக்கு?"
எனக்கும்.

தூக்கம் வரவில்லை.
திட்டம் முழுக்கத் தாண்டு என்று தேடினேன்.
இன்னும் பதினொன்று.
முதலாவதைத் திறந்தேன்.
எழுதியது: நான்.
தேதி: போன வருசத்து ஆடி.
காரணம்: பிறகு.