பாதி மரம்

"என் பக்கம் மட்டும்" என்றார் லுட்விக்.
விபாவா பள்ளத்தாக்கில் ஒரு பேரி மரம்;
அதன் அடித்தண்டில் ஆணியடித்து
இரு பக்கமும் ஓடுகிறது வேலி.
பிப்ரவரி. போரா காற்று
ஏணியை ஆட்டிப் பார்க்கிறது.

முதலில் அடியிலிருந்து ஒரு கீறல்,
பிறகுதான் மேலிருந்து ரம்பம்.
இல்லையேல் விழும் கிளை
தண்டின் தோலையும் உரித்துக்கொண்டு போகும்.
கழுத்து மடிப்பைத் தொடக் கூடாது:
ஒட்ட அறுத்தால் ஆறாது,
நீட்டி விட்டால் அழுகும்.
சிறு கொம்பென்றால்
வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக,
மழை தங்காதபடி.

எல்லாம் மனப்பாடம்.
பாதி மரத்துக்குத்தான் கவாத்து தெரியாது எனக்கு.

மதியத்துக்குள் ஒரு பக்கம் வானம் வந்துவிட்டது.
மறுபக்கம் யெர்னேயாவுடையது:
பதினொரு வருடக் கோபம்,
ஒன்றையொன்று உரசிப் புண்ணான கொம்புகள்.
காற்று அதையே பிடித்து இழுத்தது.
வேர் முனகியது போலிருந்தது,
ஏணியாகவும் இருக்கலாம்.

சன்னல் திறந்தது.
"அந்தக் கொம்பு. அது மட்டும்.
சமையலறையில் வெளிச்சமே இல்லை."

வேலிக்கு மேல் ஏணியைத் தூக்கிக் கொடுத்தது லுட்விக்தான்.
ஒரு வார்த்தை இல்லை.

அது மட்டும் என்றவள்
இருட்டும்வரை கை காட்டிக்கொண்டே இருந்தாள்.