திகதி என்றொரு கட்டம்

கொம்பனித்தெருவில் எங்கள் கந்தோர்.
வாவி தெரியும். யன்னல் திறவாது.
என் மேசையில் மும்மொழிப் பலகை;
தமிழில் மட்டும் ஓர் எழுத்து உதிர்ந்து
நாலு வருடமாய் நான்
‘தகவ அலுவலர்.’

சொல்வதற்கென்றே சம்பளம்.
சொல்லாமலிருக்க யாரும் பழக்கவில்லை.
அது தானாய் வந்தது,
கதிரையில் குழி விழுந்தது மாதிரி.

பங்குனி வெயிலில் றிஃபாயா வந்தாள்.
தெமட்டகொடைத் தொடர்மாடி, பதினோராம் மாடி.
எங்கள் லிஃப்டும் அன்று வேலை செய்யவில்லை.
ஐந்து மாடி ஏறி வந்து
மூச்சு வாங்க, அதற்குத்தான் முதலில் சிரித்தாள்.
பிறகு விண்ணப்பத்தை நீட்டினாள்.

எங்கட லிஃப்ட யாருக்கிட்ட வாங்கின?
எத்தின லட்சம்?
கடைசியா எப்ப செக் பண்ணின?

மூன்றாவது கேள்வியில்
பேனை கடதாசியைக் கிழித்திருந்தது.

ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கக் கூடாது.
காரணம் சொல்லாமல் கேட்கலாம், அது சட்டம்.
அவளாகவே சொன்னாள்:
தம்பிக்குச் சிறுநீரகம்.
வாரம் இரண்டு தரம் ஆஸ்பத்திரி.
பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி
நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்.
ஏழாம் மாடியில் ஒரு தரம் கால் வழுக்கியது.
யாருடைய கால் என்று அவள் சொல்லவில்லை.

பதினான்கு நாள்.
அதன் மேல் இருபத்தொரு நாள்.
பணிப்பாளர் சொன்னார்: வணிக இரகசியம்,
ஐந்தாம் பிரிவைப் போட்டு அனுப்பு.

அலுமாரித் திறப்பு என் லாச்சியில்,
தலையிடித் தைல டப்பாவுக்குக் கீழே.
மறுக்கப் போவதையாவது
ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று திறந்தேன்.
ஆறாம் பக்கம், பரிசோதனை அறிக்கை.
வடம்: நன்று. தடுப்பு: நன்று. கதவு: நன்று.
கையொப்பம். திகதி.

அந்தத் திகதி எனக்குத் தெரியும்.
அன்றிரவு மகளைத் தோளில் ஏற்றி
பேரை வாவியோரம் வெசாக் கூடு பார்த்தேன்.
தன்சலில் வரிசை நின்று கடலை வாங்கினோம்.
மழை தூறி, கூடுகள் நனைந்து,
மகள் அழுதாள்.

நாடே பூட்டிக் கிடந்த போயா தினத்தில்
ஒரு பொறியியலாளர் தனியே போய்
வடங்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.
எவ்வளவு கடமையுணர்ச்சி.

கோவையை மூடினேன்.
பிளேன்டீ குடித்தேன். சீனி போதவில்லை.
ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுப்புக் கடிதத்துக்கு ஒரு படிவம் உண்டு.
மறுக்கப்படும் ஆவணத்தின் பெயர்.
பக்கங்களின் எண்ணிக்கை.
திகதி.
மூன்று கட்டங்கள். மூன்றையும் நிரப்பினேன்.
பணிப்பாளர் ஃபோனில் கதைத்தபடியே
ஒப்பம் வைத்தார்.

மேன்முறையீட்டு விசாரணை.
குளிரூட்டி இரைகிறது.
றிஃபாயா பையிலிருந்து எடுத்தது
பழைய கலண்டர், புறக்கோட்டைச் சரக்குக்கடை கொடுத்தது,
அரிசி வாளி மூடிக் கிடந்தது.
மேசையில் விரித்தபோது
ஒரு கொத்தமல்லி உருண்டு
பணிப்பாளரின் கோவையில் போய் நின்றது.

வைகாசிப் பக்கம்.
சிவப்பில் முழுநிலா.
அதன்மேல் அவளது விரல்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இதை யார் கொடுத்தது, என்றார் பணிப்பாளர்,
என்னைப் பார்த்துக்கொண்டு.

மல்லிக்கடை முதலாளி, என்றாள் அவள்.
வருஷாவருஷம் சும்மா குடுக்கிறவர்.

நான் துணிந்தவன் அல்ல.
இதை வாசிப்பவர்கள் அப்படி நினைத்துவிட வேண்டாம்.
படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது,
வெறுமையாய் விட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
அவ்வளவுதான்.

விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டது.
வெளியே வந்தோம். எங்கள் லிஃப்ட்
அன்று வேலை செய்தது.
கதவைப் பிடித்து நின்றேன், வாங்கோ என்று.
அவள் வயர்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்து
படியில் இறங்கினாள்.

கொஞ்சம் நின்றுவிட்டு
நானும்.