ஒன்பதாவது வேலை

சோழிங்கநல்லூர், ஆறாம் மாடி. இரவு இரண்டே கால்.
எட்டு இழைகளை ஓடவிட்டேன்.
எட்டிலும் ஒரே பெயர்: பயனர்.
அததன் எண்ணை அதுஅது எழுதி
கொஞ்சம் தூங்கி
திரும்ப வாசிக்க வேண்டும்.
கலக்கவில்லை. பச்சை.

ஒன்பதாவது வேலையைக் கொடுத்தேன்.
புது இழை பிறக்கவில்லை;
சும்மா கிடந்த மூன்றாவதே எழுந்து வந்தது.
எழுதாமலே வாசி என்றேன்.
வெறுமை வரவேண்டிய இடத்தில்
மூன்று.

பெருங்குடி விடுதியில்
பகல் ஷிப்ட் தமயந்தி ஆறு மணிக்கு எழுந்துபோவாள்,
ஆறரைக்கு நான் படுப்பேன்.
பதினொன்றாம் எண்,
இருவருக்கும் அது ‘என் கட்டில்’.
தலையணையில் அவள் சூடு.
நேற்று ஒரு ஹேர்பின்.

ஒரு வரி சேர்த்தேன்:
முடிந்ததும் அழித்துவிட்டுப் போ.
பச்சை.

ஹேர்பின்
இப்போது என் தலையில்.